பட்டியலும் வரிசையும்: சிறந்த திரைப்படங்களைச் சக ரசிகருக்குப் பரிந்துரைக்கும் முறை பற்றி ஓர் ஆராய்ச்சி

1. விசாரணையின் பொருள்

திரைப்படக் கலையில் உண்மையான பற்றுக் கொண்ட ஒருவர், அதே பற்றுடைய இன்னொருவரிடம், ‘இந்தப் படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்’ என்று சொல்லுகிற காரியம் வெகு சாதாரணமானதாகத் தோன்றினாலும், அக்கலையின் சரித்திரத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, பல படங்கள் உயிர்த்திருப்பதும் பல படங்கள் மறைந்துபோனதும் அத்தகைய சொற்களைப் பெரிதும் பொறுத்தே அமைந்தன என்பது புலனாகும். ஒரு நூல் எவராலும் சிபாரிசு செய்யப்படாமல் ஐம்பது ஆண்டுகள் நூலகத்தில் கிடந்தாலும் தன் எழுத்துகளை இழந்துவிடுவதில்லை. திரைப்படமோ, கேட்பாரற்றுக் கிடந்தால், பெட்டிக்குள்ளேயே மக்கி அழிந்துபோகும் இயல்புடையது. ஆகையால் எந்தப் படத்தை, யாருக்கு, எப்போது, எப்படிப் பரிந்துரைப்பது என்பதை வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக நான் கருதவில்லை.

இக்கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கும் விடைகளை இரண்டு வகையில் அடக்கலாம். உயர்ந்த படங்கள் இன்னவை என்று விமரிசகர்கள் நீண்டகால விவாதத்தின் பயனாக ஒருவாறு நிர்ணயித்திருக்கிறார்கள், அந்தப் பட்டியலைப் புதிய ரசிகரின் கையில் கொடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்துவரச் சொன்னால் போதும் என்பது ஒரு விடை. ரசனை அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது, ஒருவர் முன்பு விரும்பிய படம் எதுவோ அதைப் போன்ற இன்னொன்றைக் காட்டுவதே தக்கது என்பது மற்றொன்று. இணையத்தின் வழியே படங்களை அளிக்கும் கம்பெனிகள் இன்று கணினியைக் கொண்டு செய்துவருவதும் பெரும்பாலும் இதுவே. முதலாவது முறையில், எதிரே இருக்கும் மனிதர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை; இரண்டாவது முறையில், அம்மனிதர் இதுவரை அறியாத ஒன்றை அறிவதற்கு வழியில்லை. ஒரு படத்தை மற்றொரு படத்தின் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் கண்ணை ஊன்ற வேண்டும் என்பதையும் சொல்லி, பார்த்து முடித்தபின் பேசுவதற்கும் உடனிருப்பவரே நல்ல பரிந்துரையாளர் என்பதைக் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு நிறுவ முயலுகிறேன்.

2. பட்டியல் எவ்வாறு உருவாகிறது

உலகத் திரைப்படப் பட்டியல்களுள் மிகப் பிரசித்தமானது, பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகர்களின் வாக்குகளைத் திரட்டி வெளியிட்டு வருவது. முதற்பட்டியலில் தலைமை ஸ்தானம் பெற்றது விட்டோரியோ டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அப்போது அப்படம் வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ 1941-ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தும் அந்தப் பட்டியலின் முதற்பத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் 1962-இல் அதுவே முதலிடத்தை அடைந்து, 2002 வரையில் ஐந்து பட்டியல்களில் அசைக்க முடியாதபடி அங்கேயே நின்றது. பின்னர் 2012-இல் 846 பேர் கலந்துகொண்ட வாக்கெடுப்பில் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வும், 2022-இல் 1600-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட வாக்கெடுப்பில் ஷாந்தால் ஆக்கெர்மானின் ‘ழான் டீல்மன்’ என்ற படமும் அந்த ஸ்தானத்தைப் பெற்றன.

இம்மாற்றங்களுக்குக் காரணம் என்ன? படங்கள் மாறவில்லை, ரசனைதான் முதிர்ச்சி அடைந்தது என்று சிலர் விளக்குவர். எந்தப் படத்தின் பிரதி எப்போது கண்ணில் படும்படி கிடைத்ததோ அப்போது அது ஏறியது, கிடைக்காதபோது இறங்கியது என்று வேறு சிலர் விளக்குவர். இரண்டாவது விளக்கத்துக்கு யாசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ நல்ல பிரமாணமாகும். 1953-இல் ஜப்பானில் வெளிவந்த அப்படத்தை மேல்நாட்டாரில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் அறியவில்லை; நியூயார்க் நகரத்துத் தியேட்டருக்கு அது முறையாக வந்தது 1972-ஆம் ஆண்டிலேதான்; விமரிசகர்களின் முதற்பத்தில் அது இடம்பிடித்ததோ 1992-இல். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ அந்தப் பத்தில் இடம்பெற்றதும் அதே 1992-இல்தான். ராய்க்கு ஆஸ்கார் கௌரவ விருது வழங்கப்பெற்றதும், சில வாரங்களில் அவர் காலமானதும் அந்த ஆண்டே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனினும் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள ‘வெர்டிகோ’ தடையாக நிற்கிறது. ஹிட்ச்காக் தம்முடைய உரிமையிலிருந்த ஐந்து படங்களைப் புழக்கத்திலிருந்து விலக்கி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்றான ‘வெர்டிகோ’ மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது அவர் மறைந்தபின், எண்பதுகளின் மத்தியில். அப்படியிருந்தும் 1982-ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே, அதாவது பெரும்பாலோர்க்கு அது காணக் கிடைக்காதிருந்த காலத்திலேயே, அப்படம் முதற்பத்தில் ஏறிவிட்டது. இதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ராபின் வுட் 1965-இல் ஹிட்ச்காக்கைப் பற்றி எழுதிய நூலும், அதனைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையினர் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வந்ததும், படம் இல்லாத இடத்தில் படத்தின் கீர்த்தியை நிலைநிறுத்தின என்றே கொள்ள வேண்டும். பிரதி கிடைப்பது அவசியமே. ஆனால் வாய்ச்சொல்லின் வல்லமை அதனினும் பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். 1962-இல் இரண்டாம் இடம் பெற்ற அந்தோனியோனியின் ‘லவென்ச்சூரா’ வெளிவந்து இரண்டே ஆண்டுகள் ஆன படம். அதற்கு மாறாக 2012-ஆம் ஆண்டின் முதற்பத்தில் இருந்த மிகப் புதிய படம் 1968-இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. ஆரம்ப காலத்து விமரிசகர்கள் தங்கள் கண்ணெதிரே பிறந்த கலையைத் துணிந்து சிபாரிசு செய்தார்கள். பிற்காலத்தவர் முன்னோர் தேர்ந்தெடுத்ததையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் இந்தத் தயக்கம் ஓரளவு நீங்கியது கண்டு நான் மகிழ்ந்தேன். வோங் கார்-வாயின் ‘இன் தி மூட் ஃபார் லவ்’ ஐந்தாம் இடத்தில் நின்றது வெறும் நாகரிக மோகம் என்று சொல்வோரின் கூற்றில் எனக்குச் சம்மதம் இல்லை.

3. பட்டியலின் முதற்படத்தைக் காட்டுவது எப்படி

பட்டியலை அப்படியே பின்பற்றும் நண்பர் ஒருவர், உலகத்தின் தலைசிறந்த படம் என்ற எண்ணத்தோடு, வேறு முன்னேற்பாடு ஏதுமின்றி, ‘ழான் டீல்மன்’ படத்தின் முன் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நீளம் 201 நிமிஷங்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பருவ வயது மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். அவள் சமைக்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், படுக்கையைச் சரிசெய்கிறாள், பிற்பகலில் பணத்துக்காக ஓர் ஆடவனை வீட்டுக்குள் அனுமதிக்கிறாள். காமிரா அசைவதில்லை. முதல் மணிநேரத்துக்குள் அந்த நண்பர் சலித்து எழுந்துவிட்டால் அவரைக் குறைகூற நமக்கு நியாயமில்லை. அவரிடம் ஸ்தானத்தைச் சொன்னோமே தவிர, படத்தைச் சொல்லவில்லை.

மாறாக, முதல் நாளில் அவள் ஒவ்வொரு காரியத்தையும் எந்த ஒழுங்கில் செய்கிறாள் என்பதை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தால் நிலைமை வேறாகிறது. சாப்பாட்டு மேஜையின் நடுவே மூடியுள்ள ஒரு பெரிய பீங்கான் பாத்திரம் இருக்கிறது. வந்தவன் தரும் பணத்தை அவள் அதில் போட்டு மூடிவைப்பது வழக்கம். அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைப்பதும் வழக்கம். இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் பின் பாத்திரத்தின் மூடி திறந்தபடியே இருக்கிறது. உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது, கிழங்கு வெந்த பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்கும் பிற அறைகளுக்குமாக நடக்கிறாள், அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாளின் ஒழுங்கை அறிந்தவர்க்கு இந்தத் திறந்த மூடி, துப்பறியும் கதையின் எந்தத் திருப்பத்துக்கும் குறையாத பதற்றத்தைத் தருகிறது. அறியாதவர்க்கு அது வெறும் மூடி. இருபத்தைந்து வயது நிறைவதற்கு முன்பே ஆக்கெர்மான் எடுத்த இந்தச் சிருஷ்டி, பார்ப்பவரைப் பொறுமை என்னும் சோதனைக்கு உட்படுத்துவதாகப் பலர் எழுதுகிறார்கள். என் வரையில், அது பார்ப்பவரின் கவனத்தை மெய்யாகவே மதிக்கிற படம். அதை முன்கூட்டிச் சொல்லிவைக்கும் கடமை பரிந்துரைப்பவரைச் சேர்ந்தது.

இவ்வாறு முன்னுரை கூறுவது பார்ப்பவரின் கன்னி அனுபவத்தைக் கெடுத்துவிடும் என்றொரு ஆட்சேபம் உண்டு. கதையின் முடிவைச் சொல்வதைப் பற்றியதாயின் அந்த ஆட்சேபம் முற்றிலும் நியாயமே. ஆனால் எங்கே நோக்குவது என்று காட்டுவதும் என்ன காண்பாய் என்று உரைப்பதும் ஒன்றல்ல. மேற்சொன்ன படத்தில் மூன்றாம் நாள் நிகழ்வதை நான் இங்கே எழுதாமல் விட்டிருப்பதும் அதனாலேயே.

4. ஒன்றன் பக்கத்தில் ஒன்று

படங்களை வரிசைப்படுத்துவதே ஒரு விமரிசனம் என்பதைத் திரைப்படச் சங்கங்களின் முன்னோடிகள் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள். 1925-இல் லண்டனில் தொடங்கப்பெற்ற ‘ஃபிலிம் சொசைட்டி’ 1929 நவம்பர் 10-ஆம் தேதி, பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த ஐஸன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ படத்தை அங்கத்தினர்களுக்குக் காட்டியபோது, வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்போரைப் பற்றி ஜான் கிரியர்சன் எடுத்திருந்த ‘டிரிஃப்டர்ஸ்’ படத்தையும் அதே நிகழ்ச்சியில் சேர்த்துக் காட்டியது. ருஷ்ய மாலுமிகளையும் பிரிட்டிஷ் மீனவர்களையும் ஒரே நாளில் பார்த்த சபையினர்க்கு, உழைக்கும் மனிதனின் உடலும் இயந்திரத்தின் ஓட்டமும் எப்படித் துண்டு துண்டாக வெட்டி இணைக்கப்படுகின்றன என்பது பிரசங்கம் இல்லாமலே விளங்கியிருக்கும். பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கத்தின் தொடக்கம் அந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே பேசப்படுகிறது.

பாரிஸில் ஹென்றி லாங்லுவா செய்ததும் இத்தகையதே. 1936-இல் ஜார்ஜ் ஃபிரான்ஜூ முதலிய நண்பர்களோடு சேர்ந்து ‘சினமாதெக்’ என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவிய அவர், ஒரே மாலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் படங்களை அடுத்தடுத்துத் திரையிட்டு, சம்பந்தத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்டார். அந்நிய மொழிப் படங்களைச் சில வேளை வசன மொழிபெயர்ப்பு இல்லாமலே காட்டினார் என்பதை அவருடைய குறையாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பின்னாளில் இயக்குநர்களான த்ரூஃபோ, கோதார், ரிவெத் முதலிய இளைஞர்கள், சொல்லைக் கேட்க முடியாத காரணத்தால் காட்சியின் அமைப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

இம்முறையின் பயனை விளக்க ஒரு ஜோடியை மாத்திரம் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். லியோ மெக்கேரி 1937-இல் ஹாலிவுட்டில் எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்ற படத்தில், வீட்டை வங்கியிடம் இழந்த வயோதிகத் தம்பதிகளை ஐந்து மக்களில் ஒருவர்கூட ஒருசேர வைத்துக்கொள்ள முன்வரவில்லை. கிழவர் ஒரு பிள்ளையிடமும் கிழவி மற்றொரு பிள்ளையிடமுமாகப் பிரிக்கப்படுகிறார்கள். அதே ஆண்டில் எடுத்த வேறொரு நகைச்சுவைப் படத்துக்காக ஆஸ்கார் பெற்றபோது, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்னும் பொருள்பட மெக்கேரி பேசினார் என்பது பிரசித்தம். ஓசுவோடு இணைந்து ‘டோக்கியோ ஸ்டோரி’யின் திரைக்கதையை எழுதிய கோகோ நோடா இந்த அமெரிக்கப் படத்தை அறிந்திருந்தார் என்று ஆராய்ச்சியாளர் குறிப்பிடுகின்றனர்.

முதலில் மெக்கேரியைப் பார்த்துவிட்டு ஓசுவிடம் வருபவர், கதைக்காகக் காத்திருப்பதில்லை. கதை அவருக்கு முன்பே தெரியும். ஆகவே முறைகளின் பேதம் தானாகக் கண்ணில் படுகிறது. மெக்கேரி பிள்ளைகளின் சங்கடத்தைச் சிரிப்பாகவும் பெற்றோரின் பிரிவை நேரான துயரமாகவும் காட்டுவார். ஓசுவோ, பெற்றோரைப் பராமரிக்க நேரமில்லாத பிள்ளைகள் அவர்களை அத்தாமி என்னும் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கும் பகுதியில், குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லாமல் காரியத்தை முடிக்கிறார். இரவில் மற்ற விருந்தினரின் ஆட்டமும் பாட்டும் ஓயாமல் கேட்கின்றன. அறை வாசலில் கழற்றி விடப்பட்ட இரண்டு ஜோடிச் செருப்புகள். உள்ளே விசிறியால் விசிறிக்கொண்டு தூங்க முடியாமல் கிடக்கும் முதியவர்கள். மறுநாள் காலை கடற்கரைச் சுவரின்மீது இருவரும் அமர்ந்திருக்கிறார்கள், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள், எழுந்திருக்கும்போது கிழவிக்குத் தலை சுற்றுகிறது. நொடிப்பொழுது தடுமாறி, சமாளித்து, நடக்கத் தொடங்குகிறாள். படத்தின் பிற்பகுதி முழுவதும் அந்தத் தடுமாற்றத்திலிருந்தே விளைகிறது. கதைப்போக்கில் மனம் சென்றுகொண்டிருக்கும்போது பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இவ்விடம், மெக்கேரியைப் பார்த்துவிட்டு வந்தவர்க்குத் தப்புவதில்லை.

5. நம் நாட்டு அனுபவம்

1947-இல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கம் முதலில் திரையிட்ட படம் ‘பொட்டம்கின்’. ராய் 1950-இல் லண்டனில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைக் கண்டார். 1952-இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவின் மூலம் அப்படமும் குரோசாவாவின் ‘ரஷோமான்’ முதலியவையும் பம்பாய், சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களின் ரசிகர்களை அடைந்தன. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ தந்த தூண்டுதலில் பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ 1953-இலும் ‘பதேர் பாஞ்சாலி’ 1955-இலும் வெளிவந்தன. ஒரு பரிந்துரை சிருஷ்டியாக மாறுவதற்கு இதைவிடக் குறுகிய வழியைக் காண்பது அரிது. 1959-இல் திரைப்படச் சங்கங்களின் சம்மேளனம் அமைந்ததும், 1964-இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியதும், அங்கிருந்து பி. கே. நாயர் படப்பெட்டிகளை ஊர் ஊராக அனுப்பிவைத்ததும் பலர் அறிந்த செய்திகள்.

எனக்கு இவற்றினும் முக்கியமாகத் தோன்றுவது, கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் உள்ள ஹெக்கோடு என்னும் சிற்றூர். கே. வி. சுப்பண்ணாவின் ‘நீநாசம்’ ஸ்தாபனம் எழுபதுகளில் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்த மக்களுக்கு உலகத்தின் உயர்ந்த படங்களைக் காட்டியது. புனே திரைப்படக் கல்லூரிப் பேராசிரியர் சதீஷ் பகதூரின் துணையோடு ரசனை வகுப்புகளையும் நடத்தியது. கலைப்படங்கள் கற்றோர்க்கே எட்டும், பாமரர்க்கு எட்டா என்று பட்டணத்தில் இருந்துகொண்டு முடிவுகட்டுவோர், அந்த ஊரில் முன்னுரை, திரையிடல், விவாதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிரியாமல் நடந்ததைக் கருத்தில் கொள்வதில்லை. எட்டாமைக்குக் காரணம் படத்திலும் மக்களிடத்திலும் இல்லாமல், காட்டிய விதத்திலேயே இருந்திருக்கலாம் அல்லவா? தமிழில் செழியன், எஸ். ராமகிருஷ்ணன் ஆகியோர் உலகத் திரைப்படங்களைப் பற்றி எழுதிய நூல்கள் எத்தனையோ பேரை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன. அப்பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். வாசலுக்கு அப்பால், படம் முடிந்து விளக்கு எரிந்தபின் உட்கார்ந்து பேசும் சபைகள்தாம் நம்மிடையே போதாமல் இருக்கின்றன.

6. எந்தப் பிரதியை?

சிபாரிசு செய்வோர் பெரும்பாலும் கவனியாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே பெயரில் பல படங்கள் உலவுகின்றன. ரென்வாரின் ‘ரூல்ஸ் ஆஃப் தி கேம்’ 1939-இல் தோல்வியுற்றதும் வெட்டிச் சுருக்கப்பட்டது. மூல நெகட்டிவ் யுத்தகாலக் குண்டுவீச்சில் அழிந்தது. 1959-இல்தான், கண்டெடுத்த துண்டுகளைக் கொண்டு, ரென்வாரின் சம்மதத்தோடு 106 நிமிஷப் பிரதி உருவாயிற்று. 1952-இல் அதற்கு வாக்களித்தவரும் 1962-இல் வாக்களித்தவரும் ஒரே படத்துக்கு வாக்களித்ததாகச் சொல்ல முடியாது. டிரையரின் ‘பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் ஆரம்ப வடிவப் பிரதி 1981-இல் ஆஸ்லோ நகரத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் அகப்பட்டது. ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ முதலான அபு திரைப்படங்களுடைய மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஏற்பட்ட தீ விபத்தில் சேதமுற்று, பொலோனியாவில் உள்ள பரிசோதனைச்சாலையில் பெருமுயற்சியோடு சீராக்கப்பட்டு 2015-இல் மறுபடி வெளிவந்தன. மங்கிய பழைய பிரதியில் ‘பதேர் பாஞ்சாலி’யைப் பார்த்து, மழையும் நாணற்காடும் சாம்பல் நிறத்தில் கரைந்துபோனதைக் கண்டு, ‘வறுமையைக் காட்டும் படம்’ என்று மட்டும் முடிவு செய்தவர் அநேகர். இன்ன பிரதியைப் பாருங்கள் என்று கூறுவது விமரிசனத்தின் அங்கமே.

7. பிடிக்கவில்லை என்பவரிடம்

இனி எஞ்சியிருப்பது, நாம் உயர்ந்ததென்று கருதிச் சொன்ன படத்தை நண்பர் விரும்பாதபோது செய்யத்தக்கது யாது என்ற கேள்வி. அவர் எந்த இடத்தில் சோர்ந்தார் என்று விசாரிப்பதே முதற்காரியம் என்பேன்.

‘லவென்ச்சூரா’வை எடுத்துக்கொள்ளலாம். சிசிலிக்கு அருகே ஒரு பாறைத் தீவில் ஆனா என்னும் பெண் காணாமற்போகிறாள். அவளுடைய காதலனும் தோழியும் தேடத் தொடங்கி, தேடலிலேயே ஒருவரையொருவர் நாடி, காணாமற்போனவளை ஏறக்குறைய மறந்துவிடுகிறார்கள். படமும் அவளைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. 1960-இல் கான் விழாவில் சபையினர் கூச்சலிட்டு எள்ளினார்கள். மறுநாள் அப்படத்தை ஆதரித்து அறிக்கை விடுத்த கலைஞர்களுள் ரொஸெல்லினியும் ஒருவர். இன்றும் அதைப் பார்க்கும் பலர், தேடல் கைவிடப்படும் இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். அத்தகையவரிடம் அந்தோனியோனியின் பெருமையை எடுத்தோதுவதால் பயனில்லை. ரொஸெல்லினியே 1954-இல் வெளியிட்ட ‘ஜர்னி டு இத்தாலி’யை அவருக்குக் காட்டலாம். அங்கும் நிகழ்ச்சிகள் மிகக் குறைவு; பரம்பரைச் சொத்தாக வந்த வீட்டை விற்க நேப்பிள்ஸ் வந்த ஆங்கிலத் தம்பதிகள், ஒருவர்மேல் ஒருவர் கசப்புற்று, தனித்தனியே ஊரைச் சுற்றுகிறார்கள். ஆயினும் பொம்பேயில் அகழ்வோர் மண்ணுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் சுண்ணக் குழம்பை ஊற்றி, அது இறுகியபின் தோண்டும்போது, அருகருகே மடிந்த ஓர் ஆணின் வடிவமும் பெண்ணின் வடிவமும் வெளிப்படுகிற காட்சியில், பார்ப்பவர்க்கும் மனைவியாக நடிக்கும் இங்க்ரிட் பெர்க்மனின் பாத்திரத்துக்கும் ஒரே கணத்தில் ஏதோ உடைகிறது. மனித உறவின் தேய்வை, நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு இடங்களைக் கொண்டே சொல்ல முடியும் என்பதை அக்காட்சி காட்டிவிடுகிறது. அதன்பின் சில வாரங்கள் கழித்து அந்தப் பாறைத் தீவுக்குத் திரும்புமாறு நண்பரை அழைக்கலாம். அப்போதும் பிடிக்கவில்லை என்றால், அவருடைய மறுப்பை முழுமையாகக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பு நமக்கு உண்டு, ஏனெனில் அந்த மறுப்பு இப்போது ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டு எழுந்த அபிப்பிராயம்.